அப்பவே கேட்டிருக்கணும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 12.15-க்குப் போர்டின் நடுவில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு வெள்ளைக் காய், நான் இதை எழுதும் வியாழக்கிழமை ராத்திரி வரை வரவில்லை. இனிமேல் வராது என்கிறாள் என் மனைவி. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவளுக்குத் தூக்கம் வருகிறது, எனக்கு வரவில்லை.

மயூர் விகார் பக்கம் எங்கள் குடியிருப்பில் பொங்கலை ஒட்டி வருஷா வருஷம் கேரம் போட்டி. மொட்டை மாடி, ஜனவரி வெயில், நான்கு போர்டு. போர்டின் மேல் இருப்பது போரிக் பவுடரா, தில்லிக் காற்று படிந்ததா என்று சொல்ல முடியாத பருவம். இரட்டையர் அரையிறுதி. என் ஜோடி கீழ்வீட்டு சர்தார்ஜி. எதிரணியில் இரண்டாம் மாடி மாமாவும், அவருக்கு ஜோடியாக ஒரு வங்காளி தாதாவும்.

கடைசி போர்டு. மாமாவின் முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் உள்ளே போய்விட்டது. அவர்கள் அணி அதுவரை ஒரு காயும் போட்டிருக்கவில்லை, ஆகவே நடுவில் திருப்பி வைக்க வேண்டிய அபராதக் காய் பாக்கி. "டியூ! டியூ!" என்று நாலு பேரும் கத்தினோம். மாமாவே கத்தினார், எல்லாரையும்விட உரக்க. நாலைந்து சுற்றுக்கு அப்புறம் அவர் முதல் வெள்ளையைப் போட்டார். சரியாக அந்த நேரம் மாடிப்படியில் போண்டாத் தட்டு ஏறி வந்தது. நான் தலையைத் திருப்பினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். திரும்பிப் பார்ப்பதற்குள் மாமா இரண்டாவது வெள்ளையையும் போட்டிருந்தார்.

எனக்கு ஞாபகம் வந்தபோது மாமா ரெட்டைப் போட்டு, கடைசிக் காயை ஃபாலோவாகவும் போட்டு முடித்து, விரலில் ஒட்டிய பவுடரை மப்ளரில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு டியூ இருந்ததே?"

"எப்போ?"

"ஆரம்பத்துல. உங்க முதல் அடி."

மாமா யோசித்தார். நிஜமாகவே யோசிக்கிற மாதிரி யோசித்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதைப் போல மிகவும் கனிவாகச் சொன்னார்: "இருந்தது. நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா நீ அப்பவே கேட்டிருக்கணும்பா."

இதற்கு விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த 'அப்பவே' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மாமாவின் கொள்கைப்படி, அடுத்த அடி விழுவதற்குள் கேட்டால் அது 'அப்பவே'. விழுந்துவிட்டால் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமா அடிக்கும் விதத்தை நீங்கள் பார்த்ததில்லை. சர்வதேச விதிப்படி ஓர் அடிக்கு 15 விநாடி. மாமாவுக்கு 15 விநாடி மங்கி கேப்பைக் காதுக்கு மேல் தூக்கிவிடவே ஆகும். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஸ்ட்ரைக்கரை இடது வட்டத்தில் வைப்பார், வலது வட்டத்துக்கு நகர்த்துவார், மறுபடி இடதுக்கே கொண்டுவருவார். குனிந்து, காய்க்கும் கண்ணுக்கும் நேர்கோடு பார்ப்பார். "யார் அடி?" என்று கேட்பார். அவர் அடிதான். பிறகு 1991-க்குப் போவார். முதல் உலக கேரம் சாம்பியன்ஷிப் அந்த வருஷம் இந்தத் தில்லியில்தான் நடந்தது. ஜெயித்தவர் நம் சென்னை மரிய இருதயம். மாமா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தாராம். மரிய இருதயம் எந்தக் காயை எந்தப் பாக்கெட்டுக்கு எப்படி வெட்டினார், அப்போது பக்கத்தில் இருமியது யார், எல்லாம் சொல்வார். அதற்கப்புறம்தான் விரல் அசையும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒருவன் நிதானமாக ஒன்பது டியூ கேட்கலாம், கேட்டதற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஒரே ஒரு தடவை மட்டும் 'டக்'கென்று அடித்தார். மப்ளரைக்கூடச் சரிசெய்யவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தில் இருமிய ஆள் வரை ஞாபகம் இருக்கிறவருக்கு, பதினோரு நிமிஷத்துக்கு முன்னால் தானே கத்திய டியூ மறந்துவிட்டதாம்.

அதிலும் மாமா 34 வருஷம் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எவனோ ஒருவன் ஏழு வருஷத்துக்கு முன்பு டூர் போனபோது வாங்கிய முன்பணத்தில் நாற்பது ரூபாய்க்குக் கணக்குக் காட்டவில்லை என்று மூன்று பக்கம் ஆட்சேபம் எழுதி, அவன் பென்ஷனை நிறுத்தி வைத்த கதையை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த நாற்பது ரூபாய்க்காரனிடம் "நாங்க அப்பவே கேட்டிருக்கணும், விட்டுடுப்பா" என்று சொன்னாரா? கேட்டேன். "அது அரசாங்கப் பணம்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் மாமாவை மட்டும் குறை சொல்லக் கூடாது. இந்த ஊரே அப்படி. சென்னையில் ஒருவன் உங்களை ஏமாற்றினால் கொஞ்சம் சண்டை போடுவான். தில்லியில் சண்டையே கிடையாது. "பெஹ்லே போல்னா தா நா, பாய் சாப்." முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா, அண்ணாச்சி. முடிந்தது. தவறு உங்களுடையதாகிவிட்டது.

காய்கறி வண்டிக்காரனையே எடுத்துக்கொள்ளுங்கள். நூற்று எண்பது ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒரு கொத்து கொத்தமல்லி, நாலு பச்சைமிளகாய் இலவசம். இது எழுதாத சட்டம். ஆனால் அதைக் கேட்க ஒரு முகூர்த்தம் இருக்கிறது. அவன் எடை போடும்போது கேட்டால், "தேத்தா ஹூன், தேத்தா ஹூன்" (தர்றேன், தர்றேன்) என்று எரிந்து விழுவான்: நீங்கள் அவசரக்காரர். பையில் முடிச்சுப் போட்ட பிறகு கேட்டால், முடிச்சைப் பார்ப்பான், உங்களைப் பார்ப்பான், "பெஹ்லே போல்தே." இரண்டுக்கும் நடுவில், கடைசித் தக்காளி பையில் விழுந்து கை முடிச்சுக்குப் போவதற்கு முன், ஒரு கால் நிமிஷம். என் மனைவிக்கு அந்தக் கால் நிமிஷம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. நான் தில்லிக்கு வந்து 31 வருஷம் ஆகிறது. இதுவரை என் சொந்த முயற்சியில் ஒரு கொத்தமல்லி வாங்கியதில்லை.

கோல்கப்பே? ஆறு முடிந்ததும் ஒரு காய்ந்த பூரி இலவசம். தொன்னை கையில் இருக்கிறவரைதான். தொன்னையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கேட்டால் நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, யாசகர்.

சலவைப்பெட்டி போடுகிறவன் துணி கொண்டுவந்தால் அவன் வாசலில் நிற்கும்போதே எண்ண வேண்டும். அவன் லிஃப்டில் ஏறிவிட்டால் காணாமல் போன தலையணை உறை உங்கள் வீட்டிலேயே பிறக்கவில்லை. கேஸ் சிலிண்டரை எடை பார்க்கச் சொல்வது சிலிண்டர்காரன் சீலைப் பிரிப்பதற்கு முன். பழைய பேப்பர்காரனின் தராசில் உங்கள் சந்தேகம் எழ வேண்டியது அவன் மூட்டை கட்டுவதற்கு முன். தையற்காரரிடம் பிளவுஸின் கை நீளம் பற்றிப் பேச வேண்டியது அவர் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன். ஆனால் அதற்கு முந்தைய நாள் பேசினால் அவருக்கு மறந்துவிடும், ஆகவே கத்தரிக்கோலை நோக்கிக் கை போய்க்கொண்டிருக்கும்போது பேச வேண்டும். ஆட்டோவில் மீட்டர் பற்றிக் கேட்பது ஏறுவதற்கு முன் என்று நினைப்பீர்கள். ஏறுவதற்கு முன் கேட்டால் அவன் போய்விடுவான். ஏறிய பிறகு கேட்டால் "பெஹ்லே போல்னா தா." ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் தரையிலும் இருக்கும்போது கேட்க வேண்டும். எனக்கு மூட்டு வலி.

குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில் கார் நிறுத்தும் இடம் பற்றிக் கேட்டால், "இது கடைசி விஷயமாக வரும்" என்பார்கள். கடைசியில் கேட்டால் தேநீர் வந்துவிட்டது என்பார்கள். அடுத்த வருஷம் கேட்டால் போன வருஷமே கேட்டிருக்க வேண்டும் என்பார்கள். போன வருஷம் கேட்டேன் என்றால் அது நடவடிக்கைக் குறிப்பில் இல்லை என்பார்கள். குறிப்பில் ஏன் இல்லை என்றால், குறிப்பை வாசித்தபோதே ஆட்சேபித்திருக்க வேண்டும் என்பார்கள். குறிப்பை வாசித்தபோது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

போதும், நிறுத்துங்கள் என்கிறாள் மனைவி, தோள் வழியாக இதைப் படித்துக்கொண்டே. இன்னும் மெட்ரோ கதவு, மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தல், கல்யாண வரவேற்பில் ஐஸ்க்ரீம் கவுன்டர் மூன்றும் பாக்கி இருக்கின்றன. ஐஸ்க்ரீமை மட்டும் சொல்லிவிடுகிறேனே என்றேன். வேண்டாம் என்றாள். அவளிடம் எனக்கு வியப்பான விஷயம், இந்த 'அப்பவே' சட்டம் அவளைக் கட்டுப்படுத்தாது என்பதுதான். 1998-ல் என் தங்கை கல்யாணத்தில் நான் அவளைக் கேட்காமல் சொன்ன ஒரு வார்த்தைக்கு இந்தப் பொங்கலன்று விளக்கம் கேட்டாள். "அப்பவே கேட்டிருக்கலாமே" என்றேன். அதற்கப்புறம் நடந்ததை எழுதுவதற்கில்லை. நிஜச் சட்டமும் 'அப்பவே' என்று சொல்வதில்லை: 1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் சாதாரணக் கடனை வசூலிக்கக்கூட மூன்று வருஷம் தருகிறது. கடன்பட்டவன் நடுவில் ஒரு தடவை, "ஆமாம், தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம். மாமா "இருந்தது, நான் இல்லைன்னு சொல்லலையே" என்றாரே, அதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அப்பவே கேட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சர்தார்ஜி பற்றியும் சொல்ல வேண்டும். தோற்றது அவரும்தான். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது, "சோடோ யார், போண்டா டண்டா ஹோ ரஹா ஹை" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். விட்டுத்தள்ளு, போண்டா ஆறுகிறது. பிரிவினையில் தாய்மண்ணின் பாதியைப் பறிகொடுத்து வந்த குடும்பத்துக்காரர். ஒரு வெள்ளைக் காய்க்காகக் கலங்கமாட்டார். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. நான் கும்பகோணம்.

நீ மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்களுக்கு: போன தீபாவளிக்கு இதே மாடியில் நான் ரெட்டைப் போட்டு, ஃபாலோ தவறி, ரெட்டை நடுவில் திருப்பி வைக்க எல்லாரும் மறந்துபோய், நானும் மறந்துபோனவன் மாதிரி இருந்து, அந்த மூன்று பாயின்டில் ஜெயித்தது உண்மை. அது வேறு விஷயம். அன்றைக்கு எதிரே ஆடினவர்கள் சின்னப் பையன்கள், அவர்களுக்குக் கற்றுக்கொள்ள வயசு இருக்கிறது.

நடுவராக இருந்தவர் சங்கச் செயலாளர். சம்பவ நேரத்தில் அவர் யாரிடமோ போனில் தண்ணீர் மோட்டார் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் முறையிட்டதும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே இரு பக்கமும் கேட்டார். பிறகு, "விஷயம் கொஞ்சம் நுட்பமானது" என்றார்.

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. அப்புறம் பொறி தட்டியது. இங்கிருந்து மீரட்டைத் தாண்டினால் அஸ்தினாபுரம். அங்கேயும் ஒரு பலகை, சில காய்கள், சுற்றிலும் பெரிய மனிதர்கள். திரௌபதியை அழைத்து வர ஆள் போனபோது அவள் அழவில்லை. முதலில் ஒரு கேள்வியைத்தான் திருப்பி அனுப்பினாள்: தருமர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைத்திருந்தால் அந்த ஆட்டம் செல்லுமா? முழுக்க முழுக்க எது முன், எது பின் என்கிற தகராறு. எங்கள் அரையிறுதியைப் போலவே. அன்றைய நடுவர் பீஷ்மர். தர்மம் நுட்பமானது, தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்றுவிட்டார். விகர்ணன் ஒருவன் அவள் பக்கம் பேசினான். சின்னப்பயல், உட்கார் என்று கர்ணன் அடக்கினான். யாரும் திரௌபதியிடம் "பகடையை உருட்டும்போதே கேட்டிருக்கணும்மா" என்று சொன்னதாகத் தெரியவில்லை. அவள் அப்போது அந்த இடத்திலேயே இல்லை. நான் இருந்தேன். போண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் புரிகிறது.

சதுரங்கக்காரர்களுக்கும் இந்த வியாதி உண்டு என்பதில் ஓர் ஆறுதல். 1994, ஸ்பெயினில் லினாரெஸ் போட்டி. உலகத்தின் முதல் ஆட்டக்காரர் காஸ்பரோவ், எதிரே பதினேழு வயது யூதித் போல்கர். காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தார், தவறு என்று தெரிந்ததும் மறுபடி தூக்கி வேறு கட்டத்தில் வைத்தார். கையை எடுத்தால் போனது போனதுதான் என்பது தெருவில் ஆடுகிற பொடியனுக்கும் தெரியும். அந்தப் பெண் அங்கேயே ஆட்சேபிக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆளோடு சச்சரவு வேண்டாமென்று தயங்கிவிட்டாள். அவள் தோற்றாள். படம்பிடித்த கேமரா பிறகு காட்டியது: கால் விநாடி விரல்கள் காயை விட்டிருந்தன. ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. ஆனால் 2002-ல் மாஸ்கோவில் அதே காஸ்பரோவை விரைவு ஆட்டத்தில் அவள் தோற்கடித்தாள். எட்டு வருஷம் காத்திருந்து டியூவை வசூலித்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எட்டு வருஷத்தில் மாமாவுக்கு எண்பது தாண்டிவிடும். எனக்கும் கை நடுங்க ஆரம்பித்திருக்கும்.

அண்ணா பையன் நொய்டாவில் சாஃப்ட்வேர். 'மேஜிக்: த கேதரிங்' என்று ஒரு சீட்டு விளையாட்டு, அதில் போட்டிக்கெல்லாம் போகிறான். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் செய்தது, 1993-ல் வந்தது. ஞாயிறன்று சாயங்காலம் அவனிடம் புலம்பினேன். "சித்தப்பா, இதுக்குன்னே எங்களுக்குத் தனி விதி இருக்கு" என்றான். தானாக நடக்க வேண்டிய ஒன்றைச் சீட்டுக்குச் சொந்தக்காரன் மறந்துவிட்டால் எதிராளி ஞாபகப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லையாம். எனக்கு முகம் விழுந்தது. "ஆனா, தனக்கே நஷ்டமா இருக்கிற விஷயத்தைத் தெரிஞ்சே மறந்த மாதிரி இருந்தா அது ஏமாத்து வேலை. வெளிய அனுப்பிடுவாங்க." எழுந்து உட்கார்ந்தேன். மாமாவை வெளியே அனுப்பும் காட்சி கண்முன் விரிந்தது: மங்கி கேப், மப்ளர், இரண்டு நடுவர்கள். பிறகு அவன், "நீங்க தீபாவளிக்கு ரெட் போட்டீங்களே, அதுவும் இதுல வரும், சித்தப்பா" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எதையும் சொல்லி வைக்கக் கூடாது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. பாக்கி வைத்தவன் மறக்கலாம், பாக்கி வர வேண்டியவன் மட்டும் கண் இமைக்காமல் காவல் இருக்க வேண்டும் என்று எப்போது ஆனது? மாமாவின் காய், மாமாவின் ஸ்ட்ரைக்கர், மாமாவின் தப்பு. ஞாபகம் மட்டும் என்னுடையதா? 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாளே வடசென்னைப் பெண் காசிமா, அந்த மட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு நடுவர் இருப்பார், அவர் தண்ணீர் மோட்டார் பற்றிப் பேச மாட்டார். எங்களைப் போன்றவர்களுக்குத்தான் மனசாட்சி தேவைப்படுகிறது, அதைத்தான் வீட்டில் வைத்துவிட்டு மாடிக்கு வருகிறோம்.

விதிப்புத்தகத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். எங்கள் சங்க நூலகத்தில், அதாவது லிஃப்ட் அறைக்குப் பக்கத்து இரும்பு பீரோவில், கேரம் விதிப்புத்தகம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சாவி வாங்கித் திறந்தேன். ஆன்மிகப் புத்தகங்கள் இருந்தன, 2009 காலண்டர் ஒன்று இருந்தது, விதிப்புத்தகம் இல்லை. எடுத்துச் சென்றவர்களின் நோட்டைப் புரட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கல் வாரத்தில் மாமா எடுத்துப் போயிருக்கிறார். அழகான தணிக்கைத் துறைக் கையெழுத்து. திருப்பித் தந்த தேதி என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.